தவிடு சாப்பிட்டும் மலம் இறுகுவதேன்?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. தவிடு சேர்த்தும் மலம் இறுகுகிறது. மருந்தில்லாமல் வழியுண்டா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: தவிட்டிலுள்ள நார் நீரை உறிஞ்சித்தான் மலத்தை இளக்கும். தண்ணீர் போதாவிட்டால் தவிடே அடைத்துக்கொள்ளும். திருகோணமலை வெயிலில் வியர்வையாகவும் நீர் போய்விடும். நாளுக்கு 6–8 கோப்பை குடிக்கட்டும்; இதய, சிறுநீரக நோயிருந்தால் வைத்தியரிடம் அளவு கேளுங்கள். தவிட்டைக் குறைத்து, பப்பாசி, கொய்யா, கீரையை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். அவசரப்பட்டால் வயிறு ஊதும்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடல் தானாக அசையும். அரை மணிக்குள் கழிப்பறைக்குப் போகட்டும். கொமட் என்றால் பாதங்களுக்கு அடியில் 20 சென்ரிமீற்றர் உயரப் பலகை வைத்து, முன்சாய்ந்து இருக்க வேண்டும். முக்கவே கூடாது. நடையும் உதவும்.

இரத்தம், எடைக்குறைவு, வாந்தியுடன் வயிற்றுவலி இருந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.