ஆட்சி மாறி மாறி வந்த தமிழக அரசியலில் நாம் கவனிக்கத் தவறிய பெண் என்று யாரைச் சொல்வீர்கள்?

மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரை. பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அவர் யார் என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

என் அக்காவின் திருமணத்துக்கு அரசு உதவித் தொகை கேட்டு அப்பா விண்ணப்பித்தார். கல்யாணப் பத்திரிகை, மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று எல்லாவற்றையும் அடுக்கி, கோணி ஊசியால் குத்தி நூல் கோத்துக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தின் தலைப்பில் அம்மையாரின் பெயர். "இவர் யார் அப்பா?" என்றேன். "பழைய மந்திரி யாருடைய மனைவியாகவாவது இருக்கும்" என்றார். அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அதுவரை யாரும் சொல்லித் தந்ததில்லை.

1883இல் இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். பெண்களைப் பொட்டுக் கட்டிவிடும், அதாவது கோயிலுக்குத் தேவதாசியாக நேர்ந்துவிடும் வழக்கத்தின் கொடுமையை உள்ளிருந்தே அறிந்தவர். அதை ஒழிக்கச் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி வாதாடிய காலத்தில், இவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1936இல் அதைப் பற்றி ஒரு நாவலே எழுதினார். சட்டம் வந்தது 1947இல். முதலில் காங்கிரஸ், பிறகு சுயமரியாதை இயக்கம், 1949 முதல் தி.மு.க. 1962இல் மறைந்தார். அவருடைய கட்சி ஆட்சியைப் பிடித்தது 1967இல். இந்த ஐந்தாண்டு இடைவெளியை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும்.

1989இல் தி.மு.க. அரசு திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தது. பிறகு வந்த ஆட்சிகளில் தொகை கூடியது. 2011இல் அ.தி.மு.க. அரசு தாலிக்கு நான்கு கிராம் தங்கமும் சேர்த்தது. மக்கள் வாயில் அது 'தாலிக்குத் தங்கம்' ஆனது. 2022இல் அதே திட்டம், அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போக மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' ஆனது. கல்யாணச் செலவைவிடக் கல்லூரிப் படிப்புக்கே அவர் பெயர் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அரசாணையில் இருக்கும் அந்தப் பெயரை இப்போது யாரும் உச்சரிப்பதில்லை.

அக்கா மகள் அந்தத் தொகையில்தான் படிக்கிறாள். போன மாதம் பணம் ஏறியதாகக் கைப்பேசியைக் காட்டினாள். உட்கார வைத்துச் சொன்னேன்: 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்து உறையூரிலிருந்து சென்னை வரை ஒரு படை நடந்தே போனது, 42 நாட்கள். அம்மையாரும் அதில் நடந்தார். அப்போது அவருக்கு வயது 55.

"செருப்பு இருந்திருக்குமா, மாமா?" என்று கேட்டாள்.