ரோமா பிள்ளைகளுக்கான சமூகத் திட்டங்களில் எது பலன் தருகிறது?

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக வாழும் சிறுபான்மை இனத்தவரான ரோமா மக்களுக்கென நடக்கும் திட்டங்களில் எவை உருப்படியானவை என்று கேட்டிருக்கிறீர்கள். வருடத்துக்கு ஒரு கலைவிழா நடத்துவதைவிட, அதே குடியிருப்பில் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துவதே பலன் தரும். ருமேனியாவில் 2002-இல் அரசு ஏற்றுக்கொண்ட சுகாதார இணைப்பாளர் முறை அப்படிப்பட்டது. அந்தப் பணியில் இருப்பவர்கள் பெரும்பாலும் ரோமா பெண்கள். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க உதவுவது, குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிவது, தடுப்பூசித் தேதியை வீட்டு வாசலில் போய்ச் சொல்வது ஆகியவை அவர்கள் வேலை. சான்றிதழில் தொடங்குங்கள், அது இல்லாமல் மற்றது எதுவும் நகராது.

படிப்புக்கு ஹங்கேரியைப் பாருங்கள். அங்கே 'தனோடா' எனப்படும் மாலைநேரப் படிப்பகங்களில் வீட்டுப்பாடம், சிற்றுண்டி, விளையாட்டு எல்லாம் உண்டு. பேச் நகரில் 1994-இல் தொடங்கிய மேல்நிலைப் பள்ளிக்குக் காந்தியின் பெயர். விடுதியும் உண்டு, ரோமா மக்கள் பேசும் லோவாரி, பெயாஷ் மொழிகள் பாடமாகவே இருக்கின்றன. பண்பாட்டை மேடையில் மட்டும் வைக்காமல் பாடவேளைக்குள் கொண்டுவந்ததுதான் அதன் பலம்.

சறுக்குவது பெரும்பாலும் பணத்தில்தான். ஒரு மானியம் முடிந்து அடுத்தது வரும்வரை படிப்பகம் பூட்டிக்கிடக்கும், பழகிய ஆசிரியர் வேறு வேலைக்குப் போய்விடுவார், பிள்ளைகள் திரும்ப வருவதில்லை. சம்பளத்தை முதலிலேயே நகராட்சி வரவுசெலவில் சேர்க்கப் பேசுங்கள்.

'உதவி' என்ற பெயரில் தனி வகுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். செக் நாட்டின் ஒஸ்த்ராவாவில் 18 ரோமா பிள்ளைகளை மனவளர்ச்சி குன்றியோருக்கான பள்ளிகளில் சேர்த்தது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது.