மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுவதை ஒரு மாதிரியாகப் பார்ப்பவர்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

எனக்கு பைபோலார், அதாவது மனநிலை சில காலம் அளவுக்கு மீறிய உற்சாகத்துக்கும் (இதுதான் மேனியா), சில காலம் ஆழ்ந்த சோர்வுக்கும் போய்விடும் நோய். அதற்குப் பல வருடங்களாக லித்தியம் என்ற மாத்திரை சாப்பிட்டு வருகிறேன்.

"பைத்தியம்" என்று முகத்துக்கு நேரே சொல்பவர்கள் குறைவு. சொன்னாலும் அவர்களைத் தள்ளி வைத்துவிடலாம். அக்கறையாகப் பேசுகிறவர்களிடம்தான் மாட்டிக்கொள்வோம். "இப்பதான் நல்லா இருக்கியே, இன்னும் எதுக்கு?" மாத்திரை வேலை செய்வதால்தான் நல்லா இருக்கிறேன் என்பது மட்டும் அவர்களுக்கு உறைக்காது. அடுத்தது, "பழகிட்டா விடவே முடியாதாமே?" லித்தியத்தில் போதை கிடையாது, இன்னும் வேண்டும் என்று ஏங்கவும் வைக்காது. திடீரென்று நிறுத்தினால் மேனியா திரும்பிவிடும் ஆபத்து உண்டு, அது வேறு விஷயம். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் பென்சோடயசிபைன் வகை மாத்திரைகள் பழக்கமாகக்கூடியவை. அதைக் காதில் வாங்கியவர்கள் எல்லா மாத்திரையையும் அதோடு சேர்த்துவிடுகிறார்கள். "புதுசு புதுசா கெமிக்கல்" என்பவர்களிடம், இது ஒரு உப்பு, ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் மேனியாவுக்கு இது உதவுவதை 1949-லேயே எழுதிவிட்டார் என்று சொல்வேன். பெரும்பாலும் பேச்சு அதோடு மாறிவிடும்.

எனக்கு உண்மையிலேயே வலிப்பது வேறு. ஒருநாள் என் அண்ணன் என்னைக் கேட்காமல் என் லேப்டாப்பை எடுத்து அவர் பையனிடம் கொடுத்துவிட்டார். பாதி முடித்த வேலை அதில் இருந்தது. சத்தம் போட்டேன். அவர் நிதானமாக, "இன்னிக்கு மாத்திரை போட்டியா?" என்றார். அவ்வளவுதான், லேப்டாப் விஷயம் காணாமல் போய், என் மூளை விசாரணைக்கு வந்துவிட்டது. சுகர் இருப்பவர் கோபப்பட்டால் "இன்சுலின் போட்டியா?" என்று யாரும் வாயை அடைப்பதில்லை. "போட்டாச்சுண்ணே. போட்டும் கோபம் வருது, ஏன்னா நீங்க கேக்காம எடுத்தீங்க" என்றேன். இப்படித் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வி குறைந்தது.

அதற்காக யாரும் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல் நான் துள்ளிக்கொண்டிருந்தால், மூச்சு விடாமல் பேசினால், கண்டபடி பணத்தை இறைத்தால் என் மனைவி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இதை நான் நன்றாக இருக்கும்போதே பேசி வைத்திருக்கிறோம். சண்டை நடுவில் மட்டும் அந்தக் கேள்வியை எடுக்கக் கூடாது.

இன்னொன்று, பக்கவிளைவுகள். தாகம் எடுத்துக்கொண்டே இருக்கும். டம்ளரைப் பிடித்தால் கை லேசாக நடுங்கும். எடை ஏறும். வெளியே புலம்பினால் உடனே "அப்ப விட்டுடு" என்பார்கள். அதனால் பலர் வாயே திறப்பதில்லை, ஒரு கட்டத்தில் யாரிடமும் சொல்லாமல் தாங்களாகவே நிறுத்தியும் விடுகிறார்கள். மாத்திரையை நியாயப்படுத்திப் பேசுகிறோம் என்பதற்காக அதைப் பற்றிக் குறையே சொல்லக் கூடாது என்று இல்லை. டாக்டரிடம் தாராளமாகக் குறை சொல்லுங்கள். அவர் அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், சில சமயம் மருந்தையே மாற்றலாம்.

யாரிடமெல்லாம் சொல்ல வேண்டும் என்று கேட்டால், ஆபீஸில் சொல்வதும் சொந்தக்காரர்களிடம் சொல்வதும் உங்கள் இஷ்டம். நான் ஆபீஸில் சொல்லவில்லை, அதில் எனக்குக் குற்ற உணர்வும் இல்லை. ஆனால் வேறு எதற்காக எந்த டாக்டரிடம் போனாலும் மறைக்காதீர்கள், பல் டாக்டர் உட்பட. பல் வலிக்கு இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை எழுதித் தருவார்கள். அது ரத்தத்தில் லித்தியம் அளவை ஏற்றி விஷமாக்கிவிடக்கூடும். வரவேற்பில் எல்லோர் முன்னாலும் சொல்லக் கூச்சமாக இருந்தால், மருந்துப் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி உள்ளே போனதும் நீட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.