பெரியவருக்கு எது பளிச்சென்று தெரியவில்லை?

கேள்வி: நானும் தோழியும் வேளச்சேரியில் சின்னதாக வெப் டிசைன் நிறுவனம் நடத்துகிறோம். தி.நகரில் ஒரு பட்டுப் புடவைக் கடைக்கு இணையதளம் செய்து வருகிறோம். விரலால் இழுத்தால் புடவை விரியும், முந்தி தெரியும், உடலுக்கும் கரைக்கும் நிறம் மாற்றிப் பார்க்கலாம். பேசியது இரண்டு முறை திருத்தம். இப்போது ஏழாவது முறை ஓடுகிறது. கடையை ஆரம்பித்த பெரியவர் ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் போடுகிறார், "இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு வேணும்மா" என்று. மூத்த மகன் "சிம்பிளா இருக்கட்டும்" என்கிறார். இளையவருக்குத் தளம் திறந்ததும் நாதஸ்வரம் ஒலிக்க வேண்டுமாம். தீபாவளிக்குள் தளம் வெளிவர வேண்டும். கடைசித் தவணையைக் கேட்டால், "எல்லாம் முடியட்டும்" என்கிறார்கள். சொன்னதையெல்லாம் செய்துகொண்டே போவதா, கறாராகப் பேசிவிடுவதா?

- ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கறாராக இருக்க வேண்டிய இடம் பணம். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த வாய்ஸ் நோட். மூன்று பேர் சொன்னதில் அதிக விஷயம் இருப்பது பெரியவர் சொன்னதில்தான் என்று எனக்குப் படுகிறது.

"பளிச்சுன்னு" என்று கேட்டதும் நிறத்தை ஏற்றியிருப்பீர்கள். திரும்பவும் அதையே சொன்னதும் இன்னும் கொஞ்சம் ஏற்றியிருப்பீர்கள். ஆனால் அவர் பட்டு விற்றே வளர்ந்தவர். கடையில் ஒரு புடவையை எப்படிக் காட்டுகிறார்கள் என்று பாருங்கள். மடிப்பைப் பிரித்து, முந்தியைக் கையில் ஏந்தி, லேசாக அசைப்பார்கள். அசையும்போதுதான் ஜரிகை மின்னும். நிறத்தில் சந்தேகம் என்றால் வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் காட்டுவார்கள். மயில்கழுத்து நிறம் மாதிரி பாவு (நீள இழை) ஒரு நிறம், ஊடை (குறுக்கு இழை) ஒரு நிறம் என்று நெய்த புடவையில், சாய்த்துப் பிடித்தால் நிறமே மாறித் தெரியும். உங்கள் திரையில் புடவை விரிகிறது. அதன் மேல் வெளிச்சம் நகர்கிறதா? நகரவில்லை என்றால் நிறத்தை எவ்வளவு ஏற்றினாலும் அவருக்குத் திருப்தி வராது. அவர் தேடுவது ஜரிகையின் மினுக்கம் என்பது என் ஊகம். சரியா என்று அவரிடமே போய்க் கேளுங்கள்.

காலையில் கடை திறந்த கையோடு, கூட்டம் சேர்வதற்கு முன் போங்கள். லேப்டாப் வேண்டாம். அவருடைய போனிலேயே தளத்தைத் திறந்து கையில் கொடுங்கள். "ஐயா, அரக்குக் கலர்ல முகூர்த்தப் புடவை ஒண்ணு வேணும், நீங்களே எடுத்துக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். "இங்கே தொடுங்கய்யா" என்று வாய் வரை வரும், சொல்லாதீர்கள். விரல் எந்த இடத்தில் தயங்குகிறது, எதைத் தொடுவது என்று தெரியாமல் எங்கே நிற்கிறது, எதை இரண்டு தரம் அழுத்துகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வாய்ஸ் நோட்டில் அவரால் சொல்ல முடியாததெல்லாம் அந்த விரலில் தெரிந்துவிடும். பிறகு அதே புடவையை மேசை மேல் விரித்துப் போடச் சொல்லி, "இதுல இருக்கிறது அதுல எது வரலைங்கய்யா?" என்று கேளுங்கள்.

அவர் போனின் செட்டிங்கையும் ஒரு பார்வை பாருங்கள். பல போன்களில் இரவு ஆனதும் கண்ணுக்கு இதமாக நீல ஒளி குறைந்து திரை மஞ்சளாகும்படி வைத்திருப்பார்கள். அந்தத் திரையில் எந்த ராணி பிங்க்கும் பழுப்படித்துப் போகும். மகனுடைய போனில் நிறத்தைத் தூக்கிக் காட்டும் அமைப்பு இருந்தால் அவர் கண்ணுக்கு அதே புடவை உறுத்தும். அப்படியென்றால் இரண்டு பேரும் வேறு வேறு நிறத்தைப் பார்த்துக்கொண்டு வாதாடுகிறார்கள். இனி நிறம் பற்றிய பேச்சு எல்லாம் பகலில், ஒரே போனில், நிஜப் புடவையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டால் அசையும் வேலைக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிக் கருத்துக் கேட்காதீர்கள். படத்தைப் பார்ப்பவர் படத்தைப் பற்றித்தான் சொல்வார், பொத்தான் இடப்பக்கமா வலப்பக்கமா என்று. ஆரம்பக் கட்டத்தில் ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் தொட்டு ஓட்டிப் பார்க்கும் மாதிரி, பிறகு சோதனைத் தளத்தின் லிங்க், இந்த இரண்டு மட்டும் போகட்டும். அவர்கள் பக்கமிருந்து குறை வந்தால் போனில் ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "மெதுவா இருக்கு" என்று ஒரு வரி வந்தால் நீங்கள் எதைத் திருத்துவீர்கள்? பக்கம் திறக்கத் தாமதமா, தொட்ட பிறகு பதில் வரத் தாமதமா, புடவை விரியும் அசைவே நீளமா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதுக்குப் படங்களின் எடையைக் குறைக்க வேண்டும், இரண்டாவதுக்குத் தளத்தின் புரோகிராம் கோடில் கை வைக்க வேண்டும், மூன்றாவதுக்கு அசைவு எத்தனை நொடி என்ற ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். கூகுள் நல்ல தளத்துக்கு வைத்திருக்கும் அளவு, முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டதற்கு 200 மில்லிநொடிக்குள் பதில் வர வேண்டும் என்பது. அளந்து பார்த்து எண்ணோடு பதில் சொல்லுங்கள், பேச்சு அதோடு முடியும்.

நாதஸ்வரத்துக்கு நீங்கள் சண்டை போடவே வேண்டாம். பக்கம் திறந்ததும் தானாகச் சத்தம் வருவதை 2018 முதல் குரோமே பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. ஆள் ஏதாவது ஒன்றைத் தொட்ட பிறகுதான் விடும். இளையவரிடம் இதைச் சொல்லி, முந்தி விரியும் இடத்தில் ஒரு ஒலிப் பொத்தான் வைத்துக் கொடுங்கள். ஆசையும் நிறைவேறும், ஆபீஸில் ரகசியமாகப் புடவை பார்க்கிற பெண்ணும் தப்பிப்பாள். மூத்தவரிடம் கேட்க வேண்டியது, "எதை எடுத்துட்டா சிம்பிளா இருக்கும், சார்?" அவ்வளவுதான்.

குடும்பக் கடையில் பெரியவரைப் பார்த்து, "உங்கள் மகன் மூலமாகத்தான் பேச வேண்டும்" என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அவர் வாய்ஸ் நோட் போடட்டும். ராத்திரியே பதில் எழுதாதீர்கள். மறுநாள் காலை குரூப்பில் எழுத்தில் போடுங்கள்: ஐயா நேற்று சொன்னது இது, நாங்கள் புரிந்துகொண்டது இது, இதற்கு இத்தனை நாள், இவ்வளவு ரூபாய், சரியா? "சரி" போடுவது யார் என்பதை அந்த நேர்ச் சந்திப்பிலேயே அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். அவருடைய "சரி" வராமல் ஒரு வரிக் கோடும் எழுதாதீர்கள்.

அந்த ஏழு முறையையும் எதிரில் வைத்து நேர்மையாகப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் செய்தது ஓடாமல் போய்ச் சரிசெய்தது திருத்தக் கணக்கில் வராது. அது உங்கள் கடமை, காசு கேட்கக் கூடாது. பேசியதற்குள் வரும் மாற்றம் அந்த இரண்டு முறைக்குள் அடங்க வேண்டும். புதிதாகக் கேட்டதற்கு விலை உண்டு, இல்லையென்றால் தீபாவளிக்குப் பிறகு. முதல் வகையை நீங்களே முன்வந்து ஒப்புக்கொண்டால் மூன்றாவதுக்கு விலை சொல்லும்போது யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இனி பணம். உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இல்லையென்றால் உடனே செய்துகொள்ளுங்கள், இணையத்தில் இலவசம்தான். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு வேலை வாங்கியவர் பேசிய தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதியும் வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. வேலையை ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. ஆகவே "எல்லாம் முடியட்டும்" என்பதற்கு முடிவு தேதி வேண்டும் என்றால், பேசிய வேலை முடிந்த அன்றே "ஒப்படைத்துவிட்டோம்" என்று லிங்க்கோடு ஒரு மின்னஞ்சல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இதைப் பெரியவரிடம் சட்டம் பேசுவது போலச் சொல்லாதீர்கள், மனம் நோகும். கடை ஆடிட்டருக்குப் பில்லை அனுப்புங்கள். தாமதமாகக் கொடுத்தால் அந்தச் செலவை, பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரியில் கழிக்க முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். மார்ச் நெருங்கினால் அவரே நினைவூட்டுவார். பில்லில் உத்யம் எண் இருக்கட்டும்.