ஒருவருக்குக் கேட்கும் மருந்து இன்னொருவருக்குக் கேட்காதது ஏன்? கேள்வி பதில்

கே: ஒரே மாத்திரை, ஒரே டோஸ். ஆளுக்கு ஆள் பலன் மாறுவது எதனால்?

ப: காரணம் பல. என் துறை ஏற்பி என்பதால் அதை மட்டும் சொல்கிறேன். ஏற்பி என்பது மருந்து போய் ஒட்டும் புரதம். புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி. இதயத்தின் பீட்டா-1 ஏற்பியில், அந்தச் சங்கிலியின் 389-வது இடத்தில் சிலருக்கு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம், சிலருக்கு கிளைசின். ஆர்ஜினின் வகை அட்ரினலினுக்கு வேகமாகத் துள்ளும். இந்த ஏற்பியை அடக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தும் அந்த வகையினருக்கு நன்றாகக் கேட்பதாகச் சில ஆய்வுகள் காட்டின. கிளைசின் வகை ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் சற்றுக் கூடுதல். ஆனால் இரண்டு வகையும் எல்லா இனத்திலும் உண்டு. இதை மறந்தால் மீதி பதில்கள் எதுவும் புரியாது.

கே: ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினும் அப்படித்தானா?

ப: அது ஒட்டுவது ஏற்பியில் அல்ல, விகேஓஆர்சி1 என்ற நொதியில். குறைந்த டோஸே போதும் என்றாக்கும் மாற்றம் கிழக்காசியரின் மரபணுப் பிரதிகளில் சுமார் 90%, ஐரோப்பியரிடம் 40%, ஆப்பிரிக்கரிடம் 10%. அதற்காக மாத்திரையை நீங்களே உடைத்துக் குறைக்காதீர்கள். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் சோதனையைப் பார்த்துத்தான் டோஸ்.

கே: நான் ஆசியன். வலிக்குத் தரும் மார்ஃபினைக் கூட்டித் தரச் சொல்லலாமா?

ப: வேண்டாம். மார்ஃபின் ஒட்டும் மியூ ஏற்பியில், மருந்தைச் சற்றுக் குறைவாகக் கேட்கவைக்கும் 118ஜி என்ற மரபணு வகை ஆசியரிடம் அதிகம்தான், ஆனால் அதன் விளைவு சிறியது. மூச்சு அடங்கும் ஆபத்து பெரியது.

கே: இனத்தை நம்பாதே என்கிறீர்கள். அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கென்றே பைடில் என்ற இதயச் செயலிழப்பு மருந்து வரவில்லையா?

ப: வந்தது, 2005-இல். இரண்டு பழைய மருந்துகளின் கலவை. சோதனையில் இருந்த 1,050 பேரும் தங்களைக் கறுப்பினத்தவர் என்று சொல்லிக்கொண்டவர்கள். வேறு யாரையும் சேர்க்காமல், அவர்களுக்கு மட்டும்தான் கேட்கும் என்று எப்படிச் சொல்வது?

கே: இறப்பு 43% குறைந்ததே! அது பொய்யா?

ப: பொய் என்று நான் எங்கே சொன்னேன்? மருந்து வேலை செய்தது. எந்த மரபணுவால் என்று பார்த்து அனுமதி தரவில்லை, தோலின் பெயரைப் பார்த்துத் தந்தார்கள். என் சண்டை அதோடுதான்.

கே: அப்படியானால் அந்த நோயாளிகளுக்குத் தராமல் இருக்கச் சொல்கிறீர்களா?

ப: ஐயா, தரட்டும். மற்றவர்களிடமும் சோதித்துப் பார்த்திருக்கலாம் என்கிறேன். இதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

கே: நானும் ஆசியன். ரத்த அழுத்த மாத்திரையைக் குறைக்கலாமா?

ப: வார்ஃபரினுக்கு முன்பே சொன்னதுதான்: நீங்களே குறைக்காதீர்கள்.

கே: தூக்க மாத்திரையோடு இருமல் மருந்து சாப்பிடலாமா?

ப: இது மரபணுக் கேள்வி இல்லை. இரண்டு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருந்தாளுநரிடம் போங்கள், இன்றைக்கே.