காட்டு ரயிலில் தனியாகப் போகலாமா?

கேள்வி: வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். கிளந்தான் வரை ரயிலிலேயே தனியாகப் போக ஆசை. பிள்ளைகள் தடுக்கிறார்கள். போகலாமா அக்கா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தாராளமாகப் போங்கம்மா. கிம்மாஸில் காட்டு ரயில் என்று சொல்லும் கிழக்குக்கரை வண்டிக்கு மாறினால், கிளந்தானில் பாதை முடியும் தும்பாட் வரை சுமார் 526 கிலோமீட்டர். ஒரே மூச்சில் போகாதீர்கள், குவாலா லிப்பிஸில் ஓரிரவு தங்குங்கள். மறுநாள் சன்னலோரம் உட்காருங்கள். செம்பனை, பால்மரம், கலங்கிய ஆறு; குவா மூசாங்கில் சுண்ணாம்புக் குன்று நிலையத்துக்குப் பின்னாலேயே செங்குத்தாக எழுந்து நிற்கும். நான் போனபோது எதிரே இருந்த மலாய்ப் பாட்டி, மடியிலிருந்த பெத்தாய் என்னும் காட்டு அவரைக் கட்டில் இரண்டு காயை ஒடித்து என் கையில் திணித்துவிட்டு இறங்கினார். பசியாறினாயா என்று கேட்கவும் மறக்கவில்லை.

1931இல் கட்டி முடித்த பாதை இது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் இதன் தண்டவாளங்களில் ஒரு பகுதியைப் பெயர்த்து, சயாமிலிருந்து பர்மாவுக்கு அவர்கள் போட்ட மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். நம் தோட்டத்து ஆட்களையும் அங்கேதான் கொண்டுபோனார்கள். என் தாத்தாவின் அண்ணன் திரும்பவே இல்லை. இந்தக் காட்டு ரயில் தடத்தில் போகும்போது எனக்குப் பேச்சே வரவில்லை.

டிசம்பர் மட்டும் வேண்டாம். 2014 டிசம்பர் வெள்ளம் இதே பாதையிலுள்ள கெமுபு ரயில் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. பள்ளி விடுமுறை என்றால் டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள்.