ஒரு மீற்றர் படம் ஏன் மங்கல்?

வணக்கம். எங்கள் தோட்டக் காணியின் செய்மதிப் படம் ஒன்றை வாங்கினேன். சிறிய செய்மதி எடுத்ததாம், ஒரு பிக்சல் ஒரு மீற்றராம். ஆனால் வேலியோரத்து வடலிகள் ஒரே தீற்றலாகக் கிடக்கின்றன. கிணற்றடி எது, வாழை எது என்று தெரியவில்லை. என் கைபேசிக் கமராவிலேயே 200 மெகாபிக்சல் இருக்கிறதே, மேலே போகிற கமராவுக்கு என்ன கேடு?
சுகந்தன், நீர்வேலி

அன்பின் சுகந்தன்,

விற்றவர் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொன்னார். ஒரு பிக்சல் எவ்வளவு நிலத்தை மூடுகிறது என்பது ஒரு கணக்கு. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு வடலிகளைக் கமரா பிரித்துக் காட்டுமா என்பது வேறு கணக்கு.

இரண்டாவதைத் தீர்மானிப்பது முதலில் கமராவில் ஒளியைக் குவிக்கும் ஆடியின் அல்லது வில்லையின் விட்டம். உயர்தரப் பௌதிகவியலில் படித்திருப்பீர்கள்: துவாரம் சிறுக்கச் சிறுக்க அதனூடாக வரும் ஒளி கூடுதலாக விரியும். 500 கி.மீ. உயரத்தில் 10 செ.மீ. வில்லை இருந்தால், பச்சை ஒளியில் ஏறக்குறைய 3.4 மீற்றருக்குள் இருக்கும் இரு புள்ளிகள் ஒன்றாகிவிடும். ஒரு மீற்றரைப் பிரிக்க 34 செ.மீ. வேண்டும். சின்ன வில்லைக்குப் பின்னால் 200 மெகாபிக்சலை வைத்தால் மங்கலை இன்னும் நுணுக்கமாகப் பதியலாம், அவ்வளவுதான். 617 கி.மீ.யிலிருந்து 31 செ.மீ. பிக்சல் தரும் வேர்ல்ட்வியூ-3இன் ஆடி 1.1 மீற்றர், செய்மதியின் நிறை 2,800 கிலோ. 2019இல் இலங்கைப் பொறியியலாளர்கள் செய்த இராவணா-1 ஏறக்குறைய ஒரு கிலோ!

சரி, பெரிய ஆடியையே மெல்லியதாகச் செய்தால்? அங்கேதான் வில்லங்கம். மெல்லிய ஆடி தரையில் தன் பாரத்தாலேயே வளையும். மேலே போனதும் அந்த வளைவு நிமிர்ந்து வடிவம் மாறும். தாங்கும் சட்டத்தைக் கார்பன் இழையில் செய்தால் பாரம் குறையும், ஆனால் அது தரையில் உறிஞ்சிய ஈரம் வெற்றிடத்தில் வெளியேறச் சட்டம் சுருங்கும். சில மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் சில பங்கு) போதும், குவியம் தப்பிவிடும். ஒன்றரை மணித்தியாலத்துக்கொரு முறை வெயிலும் இருட்டும் மாறிமாறி வருவது வேறு.

என்னைக் கேட்டால் பெரிய கரைச்சல் செய்மதியின் ஆட்டம்தான். கீழே நிலம் செக்கனுக்கு 7 கி.மீ. ஓடுகிறது. ஒரு மீற்றரைக் கடக்கச் செக்கனில் 7,000இல் ஒரு பங்கு. அதற்குள் விழும் ஒளி காணாது. ஆகவே அதே நிலத்துண்டை உணரியின் பல வரிசைகளில் அடுத்தடுத்துப் பிடித்துக் கூட்டுகிறார்கள். அவ்வளவு நேரமும் செய்மதி ஆடக்கூடாது. ஆனால் அதைத் திருப்புகிற சுழற்சில்லுகளே அதிர்கின்றன. உடல் இலேசானால் அதே அதிர்வு கூடுதலாக உலுப்பும்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தீற்றல் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஆட்டத்தைத்தான் சந்தேகிப்பேன். எல்லாப் பக்கமும் ஒரேயளவு மங்கல் என்றால் குவியம், அல்லது ஆடி சின்னன். கூராக்கும் மென்பொருள் கொஞ்சம் உதவும், ஆனால் புள்ளி புள்ளியான இரைச்சலையும் சேர்த்தே கூராக்கும். அப்புறம், அடுத்த முறை வாங்கும்போது ஆடியின் விட்டத்தையும், நுண்ணிய விவரங்களைக் கமரா எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்று சொல்லும் எம்.டி.எஃப். (MTF) அளவையும் கேளுங்கள்.

வாழை பச்சையாக நிற்கிறதா, மாரியில் வெள்ளம் எங்கே தேங்குகிறது என்று பார்க்க உங்களிடம் உள்ள படமே தாராளம். வேலிப் பிரச்சினைக்காக வாங்கியிருந்தால் நில அளவையாளரைக் கூப்பிடுங்கள்.